14 பொருள் இருந்த பையில் நாப்கின் மட்டும் ஏன் இல்லை? பெருந்தொற்று காட்டிக்கொடுத்த மாதவிடாய்ப் பிரச்னை

2021 ஜூன் மாதம். கொரோனா இரண்டாவது அலை மெல்ல அடங்கிக்கொண்டிருந்த நேரம். தமிழ்நாடு முழுக்க ரேஷன் கடை வாசலில், தரையில் போட்ட வட்டத்துக்குள் நின்று மக்கள் ஒரு பையை வாங்கிக்கொண்டு போனார்கள். 2 கோடிக்கும் மேற்பட்ட அரிசி கார்டுகளுக்கு அரசு கொடுத்த மளிகைத் தொகுப்பு அது. மொத்தம் 14 பொருட்கள்.

கோதுமை மாவு, ரவை, உளுத்தம் பருப்பு, கடலைப் பருப்பு, சர்க்கரை, உப்பு, புளி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், டீத்தூள். கூடவே குளிக்க ஒரு சோப்பு, துணி துவைக்க ஒரு சோப்பு.

பட்டியல் போட்டவர்கள் வீட்டை நினைத்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். தாளிக்கிற கடுகுகூட விட்டுப்போகவில்லை. வேலைக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்த குடும்பங்களுக்கு அந்தப் பை பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் மாதம் தவறாமல் தேவைப்படும் ஒரு பொருள் அதில் இல்லை. சானிட்டரி நாப்கின்.

யாரும் வேண்டுமென்று விடவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிரச்னையே அதுதான்.

ஐந்து நாள் தாமதம்

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த மறதி இல்லை. 2020 மார்ச் 24 அன்று இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. எந்தக் கடை திறக்கலாம், எது கூடாது என்று மத்திய உள்துறை ஒரு பட்டியல் வெளியிட்டது. உணவு, மளிகை, காய்கறி, பால், இறைச்சி, மீன், மருந்து எல்லாம் அதில் இருந்தன. கால்நடைத் தீவனமும் இருந்தது. நாப்கின் என்ற பெயர் இல்லை.

மருந்துக் கடைகள் திறந்துதானே இருந்தன, அங்கே வாங்கலாமே என்று கேட்கலாம். கடை திறந்திருந்தால் போதுமா? பொருளைச் செய்யும் ஆலை ஓட வேண்டும், ஏற்றி வரும் லாரியைச் சோதனைச் சாவடியில் விட வேண்டும், வேலைக்கு ஆள் வர வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாத சரக்கை எந்த அதிகாரி துணிந்து விடுவார்?

மார்ச் 29 அன்று உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்பினார். ‘மளிகை’ என்றால் அதில் சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், சானிட்டரி பேட், டயப்பர் எல்லாம் அடக்கம் என்று அந்தக் கடிதம் தெளிவுபடுத்தியது. ஊரடங்கு நடைமுறைக்கு வந்த மார்ச் 25-லிருந்து எண்ணினால், அது ஐந்தாவது நாள். ஒரு பெண்ணின் மாதவிடாய் தொடங்கி முடிந்திருக்கும்.

தவறு சீக்கிரமே திருத்தப்பட்டது உண்மை. ஆனால் நின்றுபோன ஆலையும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்ட தொழிலாளியும் ஒரு கடிதத்தில் திரும்பி வருவதில்லை. அவசர காலத்தில் முதல் நாள் பட்டியல் முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

பள்ளிக்கூடம் மூடினால் பேடும் நிற்கும்

தமிழ்நாடு இந்த விஷயத்தில் மற்ற பல மாநிலங்களுக்கு முன்னோடி. ‘புதுயுகம்’ திட்டத்தை 2012-லேயே தொடங்கி, 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் வீதம், வருடத்துக்கு 18 பாக்கெட். ஒரு பாக்கெட்டில் ஆறு பேடு. படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகவும், பள்ளியில் இல்லாதவர்களுக்கு அங்கன்வாடி, கிராம சுகாதார செவிலியர் வழியாகவும் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

சாதாரண நாளில் இது நல்ல வழி. பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், டீச்சர் பெயர் பார்த்துக் கொடுத்துவிடுவார். ஆனால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் 2021 ஜனவரி 19-ல்தான் கதவு திறந்தது. இரண்டாவது அலையில் அதுவும் மறுபடி மூடியது. எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதாவது ஒன்றரை வருடத்துக்கும் மேல்.

இந்த ஒன்றரை வருடத்தில் முதன்முதலாக வயதுக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பேடு கொடுக்கும் டீச்சர் மட்டுமல்ல, ‘பயப்படாதே, இது எல்லாருக்கும் வர்றதுதான்’ என்று சொல்லும் டீச்சரும், ரகசியமாகக் கேட்டுக்கொள்ளும் தோழியும் அவர்களுக்குப் பக்கத்தில் இல்லை.

கென்யாவிலும் இதே கதை. நாப்கின் மீதான வரியை 2004-லேயே நீக்கிய நாடு அது. 2017-ல் கல்விச் சட்டத்தைத் திருத்தி, பருவமடைந்த பள்ளி மாணவிகளுக்கு இலவசமாக நாப்கின் கொடுப்பதை அரசின் கடமையாக்கியது. பல பணக்கார நாடுகள் யோசிக்காததை யோசித்த நாடு. ஆனால் 2020 மார்ச்சில் அங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. எல்லா வகுப்பும் திறக்க 2021 ஜனவரி ஆனது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, கொடுக்கிற இடம் பூட்டிக் கிடந்தது.

நல்ல திட்டம், ஆனால் ஒரே ஒரு வாசல். அந்த வாசல் மூடினால் மாற்று வழி என்ன என்று எந்தத் திட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. நாட்டின் சில பகுதிகளில் அங்கன்வாடி, ஆஷா ஊழியர்கள் வீடு தேடிப் போய்க் கொடுத்தார்கள். காய்ச்சல் கணக்கெடுப்பு, கொரோனா கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் அதையும் அவர்கள் தோளில்தான் சுமக்க வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

ஒரு சின்னக் கணக்கு. நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பேடு மாற்ற வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. ஒரு நாளைக்கு நாலு என்று வைத்துக்கொண்டால், ஐந்து நாளுக்கு 20. பேடு ஒன்று 6 ரூபாய் என்றால் ஒருவருக்கு மாதம் 120 ரூபாய். அம்மா, இரண்டு பெண்கள் உள்ள வீட்டுக்கு 360 ரூபாய்.

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு அரிசி கார்டுக்கும் கிடைத்த நிவாரணத் தொகை 1,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விடும். கட்டட வேலை, வீட்டு வேலை, பனியன் கம்பெனி எல்லாம் நின்று கூலி இல்லாத வீட்டில் முதலில் எதை வெட்டுவார்கள்? கணவனின் டீயையா, பிள்ளையின் பிஸ்கட்டையா, அம்மாவின் நாப்கினையா? பதில் எல்லாருக்கும் தெரியும்.

இலவசத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 18 பாக்கெட், 108 பேடு. மாதத்துக்கு ஒன்பது. தேவை 20 என்றால் பாதிகூட இல்லை. திட்டம் முழுசாக நடந்தாலும் மீதியைக் குடும்பம்தான் வாங்கியாக வேண்டும். அல்லது ஒரே பேடை நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும்.

மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 2019 ஆகஸ்டிலிருந்து ஒரு பேடு ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல விலை. 2020 சுதந்திர தின உரையில் பிரதமரே செங்கோட்டையிலிருந்து இதைப் பற்றிப் பேசினார். அவ்வளவு பெரிய மேடையில் அந்த வார்த்தை ஒலித்ததே ஒரு மாற்றம்தான். ஆனால் அப்போது நாடு முழுக்க இருந்த மருந்தகங்கள் ஏறக்குறைய 6,000. பெரும்பாலும் நகரங்களில். பஸ் ஓடாத நாளில் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு ரூபாய் பேடுக்கு எப்படிப் போவது?

வரியும் அப்படித்தான். நாப்கின் மீதான 12 சதவீத ஜிஎஸ்டி 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. நியாயமான முடிவு. ஆனால் கையில் காசே இல்லாதவருக்கு வரி விலக்கால் என்ன லாபம்?

பேடு கிடைத்தால் மட்டும் போதுமா?

போதாது. மாதவிடாய்ச் சுகாதாரம் என்றால் தண்ணீர், கதவுள்ள கழிப்பறை, மாற்றிக்கொள்ள ஒரு தனிமை, பயன்படுத்தியதைப் போட ஓர் இடம் எல்லாம் சேர்ந்ததுதான். உலகத்தில் மாதவிடாய் வருகிறவர்கள் சுமார் 180 கோடிப் பேர் என்கிறது யுனிசெஃப். அவர்களில் குறைந்தது 50 கோடிப் பேருக்கு இந்த அடிப்படை வசதிகள் போதிய அளவில் இல்லை என்பது உலக வங்கியின் கணக்கு. இது கொரோனாவுக்கு முன்பே இருந்த நிலைமை.

ஊரடங்கு இதை இன்னும் இறுக்கியது. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர். சாதாரண நாளில் அப்பாவும் அண்ணனும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் வீட்டுப் பெண்களுக்குக் குளிக்க, துணி மாற்ற, துவைத்ததைக் காயப்போடக் கிடைக்கும் நேரம். ஊரடங்கில் அந்த நேரமும் போய்விட்டது. எல்லாரும் எந்நேரமும் வீட்டிலேயே. துணியை எங்கே காயப்போடுவது? வெயில் படும் கொடியில் போட்டால் எல்லார் கண்ணிலும் படும். கட்டிலுக்கு அடியிலோ, இன்னொரு துணிக்கு உள்ளேயோ மறைத்துக் காயப்போட்டால் ஈரம் போகாது. அந்த ஈரம்தான் அரிப்புக்கும் தொற்றுக்கும் வழி.

நகரத்தின் குடிசைப் பகுதிகளில் கழிப்பறை பொது, குழாயும் பொது. அடிக்கடி கை கழுவுங்கள் என்று போனில் காலர் ட்யூன் வந்துகொண்டே இருந்தது. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய சென்னைவாசிகளுக்குத் தெரியும், குடத் தண்ணீருக்கு எத்தனை பங்கு என்று. குடிக்க, சமைக்க, கை கழுவ என்று போக மிச்சம்தான் பெண்ணுக்கு.

நடந்தே ஊருக்குப் போன புலம்பெயர் தொழிலாளர் கூட்டத்திலும் பெண்கள் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நெடுஞ்சாலை, பூட்டிய பெட்ரோல் பங்க், மூடிய ஹோட்டல். எங்கே போய் மாற்றியிருப்பார்கள் என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள்?

பிபிஇ உடைக்குள்ளே...

கைதட்டி, விளக்கேற்றிப் பாராட்டப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் கதையும் இதில் இருக்கிறது. செவிலியர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பிபிஇ உடையை ஒருமுறை போட்டால் ஷிஃப்ட் முடியும்வரை கழற்ற முடியாது. கழற்றினால் அந்த உடை வீண், அப்போது உடைகளுக்கே தட்டுப்பாடு. ஆறு மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல். மாதவிடாய் நாளாக இருந்தால்? இரண்டு பேடு சேர்த்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு, டயப்பர் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீரே குடிக்காமல் நின்றவர்களும் உண்டு.

2020 பிப்ரவரியில் சீனாவின் ஹூபே மாகாணத்திலேயே இந்தப் பிரச்னை வெளியே வந்துவிட்டது. அங்குள்ள மருத்துவமனைப் பெண்களுக்கு நாப்கின் கிடைக்கவில்லை என்று தெரிந்து, சமூக ஊடகத்தில் தன்னார்வலர்கள் திரட்டி அனுப்பினார்கள். முகக்கவசத்துக்கும் கையுறைக்கும் கணக்கெடுத்த உலகம், அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

பேசாததால் வளர்ந்த வதந்தி

‘தீட்டு’, ‘வீட்டுக்குத் தூரம்’, ‘அந்த மூணு நாள்’ என்று சுற்றி வளைத்தே பேசிப் பழகிய விஷயம் இது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் இன்றைக்கும் நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். பேசாத இடத்தில் வதந்தி வந்து உட்காரும்.

2021 ஏப்ரலில் அது நடந்தது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கப் போகும் நேரத்தில், ‘பீரியட்ஸுக்கு முன்னால அஞ்சு நாள், பின்னால அஞ்சு நாள் ஊசி போடக் கூடாது’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் பரவியது. அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அது பொய் என்று மறுத்தது. ஆனால் ஃபார்வர்டு போன வேகத்துக்கு மறுப்பு போகவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஊசி போட்ட பிறகு பீரியட்ஸ் தள்ளிப்போனது என்று பல பெண்கள் சொன்னபோது, ‘அதெல்லாம் மனப் பிரமை’ என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, தடுப்பூசிக்குப் பிறகு மாதவிடாய்ச் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டதாகக் காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பெண்கள் சொன்னது பொய்யும் இல்லை. தடுப்பூசி ஆய்வுகளின்போதே இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருந்தால், வதந்திக்கு இடமே இருந்திருக்காது.

துணியா, நாப்கினா, கப்பா?

பெரும்பாலான விவாதம் நாப்கினிலேயே நின்றுவிடுகிறது. 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவோர் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 57.6 சதவீதம். 2019-21 கணக்கெடுப்பில் அது 77.3 சதவீதம். நல்ல முன்னேற்றம். ஆனால் அதே கணக்கெடுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் துணியும் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிகாரில் சுகாதாரமான முறை இன்னும் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தவிர, என்ன பயன்படுத்துகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எங்கே மாற்றுகிறீர்கள் என்று அல்ல.

துணி என்றாலே அழுக்கு, ஆபத்து என்பது சரியில்லை. சுத்தமான பருத்தித் துணியை சோப்பு போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தினால் பயப்பட வேண்டியதில்லை. லாரி வராத நாளில் கைகொடுப்பதும் அதுதான். அதற்குத் தேவை தண்ணீர், சோப்பு, வெயில், கூச்சமில்லாமல் காயப்போடும் சுதந்திரம்.

மென்ஸ்ட்ருவல் கப் இன்னொரு வழி. ஒருமுறை வாங்கினால் நல்ல தரமான கப் பத்து ஆண்டு வரை வரும், குப்பையும் இல்லை. கேரளத்தின் ஆலப்புழை நகராட்சி 2019-ல் பொதுத்துறை நிறுவனமான எச்எல்எல் துணையோடு 5,000 கப்களை இலவசமாகக் கொடுத்தது. முந்தைய ஆண்டு வெள்ள முகாம்களில் குவிந்த நாப்கின் குப்பையைப் பார்த்த அனுபவம் அந்த ஊருக்கு இருந்தது. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. கப் எல்லாருக்கும் ஒத்துவரும் என்றில்லை. கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யவும் வசதி வேண்டும். எது தனக்கு ஒத்துவரும் என்று அந்தப் பெண் முடிவு செய்யட்டும், மூன்றையும் அவளுக்கு எட்டும் தூரத்தில் வைப்பதுதான் அரசின் வேலை.

‘சாப்பாட்டுக்கே வழியில்லாதப்போ இதுவா முக்கியம்?’

இப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. உயிர் போகிற நேரத்தில் ஆக்ஸிஜன்தான் முதல், சோறுதான் முதல். ஆனால் பெருந்தொற்று வந்தால் பசி மட்டும் நிற்காமல் வரும், மாதவிடாய் நின்றுவிடும் என்று உடம்பு வேலை செய்வதில்லை. குளியல் சோப்பும் துணி சோப்பும் நிவாரணப் பையில் இடம்பிடித்தபோது ‘சாப்பாடுதானே முக்கியம்’ என்று யாரும் கேட்கவில்லை. சுத்தம் அவசியம் என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. அதே புரிதலை இன்னும் ஒரு படி நீட்டினால் போதும்.

அப்போ, என்னதான் செய்யணும்?

முதலாவது, அவசர காலப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஊரடங்கோ, புயலோ, வெள்ளமோ, மாநிலப் பேரிடர் திட்டத்தின் நிவாரணப் பொருள் பட்டியலில் நாப்கின், உள்ளாடை, சோப்பு மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பள்ளிக்கு மாற்றாக ரேஷன் கடை. பெருந்தொற்றில் ஒருநாள்கூட முக்கியத்துவம் இழக்காத அமைப்பு அது. எந்தத் தெருவில் எத்தனை கார்டு, கார்டில் எத்தனை பெண்கள், என்ன வயது எல்லாம் அங்கே ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. பள்ளி மூடினால் அடுத்த மாதமே பேடு ரேஷன் கடைக்கு மாறும் என்று ஓர் ஆணை தயாராக இருக்கட்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. மாதம் ஒன்பது போதாது என்பதை ஒப்புக்கொண்டு திட்டத்தைத் திருத்த வேண்டும்.

நான்காவது, உள்ளூர் உற்பத்தி. கோவை அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கி, 2016-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்த மாதிரி இயந்திரங்களை வைத்து சுயஉதவிக் குழுக்கள் ஊரிலேயே தயாரிக்க முடியும். ஊரடங்கில் இதே குழுப் பெண்கள்தான் லட்சக்கணக்கில் மாஸ்க் தைத்துக் கொடுத்தார்கள். மூலப்பொருளை முன்கூட்டியே இருப்பு வைத்தால், லாரி நின்றாலும் ஊர் நிற்காது.

ஐந்தாவது, தங்கும் இடங்கள். நிவாரண முகாம், தனிமைப்படுத்தும் மையம் எதுவானாலும் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், மூடி போட்ட குப்பைத் தொட்டி, இரவில் விளக்கு. மருத்துவமனை ஷிஃப்ட் நேரத்தைத் திட்டமிடும்போதும் இது கணக்கில் வர வேண்டும்.

ஆறாவது, பட்டியல் போடும் மேஜையில் பெண்கள். அங்கன்வாடி ஊழியரோ, கிராம செவிலியரோ, சுயஉதவிக் குழுத் தலைவியோ, மாவட்டப் பேரிடர்க் குழுவில் ஒருவர் இருந்தால்கூட இந்த மறதி நடந்திருக்காது. ‘சார், நாப்கின் விட்டுப்போச்சே’ என்று சொல்ல ஒரு குரல் போதும்.

2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளி மாணவிகளின் மாதவிடாய்ச் சுகாதாரத்துக்கு நாடு முழுமைக்கும் ஒரே மாதிரியான கொள்கை வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் அந்தக் கொள்கையும் பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டால், அடுத்த பூட்டு விழும்போது பழைய கதைதான்.

அடுத்த பெருந்தொற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வெள்ளம் அநேகமாக இந்த வருட மழைக்காலத்திலேயே வரலாம். அப்போது மறுபடி ஒரு பை தயாராகும், யாரோ ஒருவர் உட்கார்ந்து பட்டியல் எழுதுவார். புளி, கடுகு, சீரகம், சோப்பு என்று எழுதிக்கொண்டே வந்து 14-வது பொருளில் பேனாவை மூடிவிடாமல், 15-வதாக ஒரு வரி சேர்த்தால் போதும்.